வலி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

2014 அக்டோபரில், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில், போ நகருக்குப் பக்கத்திலுள்ள கொண்டாமாவில் ஒரு தாய்சேய் மருத்துவமனையை மூடினார்கள். நடத்திவந்தவர்கள் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர். குண்டு விழும் ஊர்களில்கூடக் கூடாரம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் அவர்கள். பணத் தட்டுப்பாடோ மருந்துத் தட்டுப்பாடோ காரணமில்லை. நாடெங்கும் எபோலா பரவிக்கொண்டிருந்தது. எபோலா மையங்களை நடத்தவே ஆள் போதவில்லை. பிரசவத்துக்கு வருகிறவர்களில் யாருக்கு அந்த நோய் இருக்கிறது என்று வாசலிலேயே கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஊழியர்களின் உயிருக்கு உத்தரவாதம் தர முடியாதபோது வார்டைத் திறந்து வைக்க முடியாது என்று முடிவெடுத்தார்கள்.

அந்த முடிவில் நான் குறை காண மாட்டேன். ஆனால் மூடிய கதவுக்கு வெளியே நிறைமாதக்காரிகள் இருந்தார்கள். அவர்களுக்கு நாள் தள்ளிப்போடும் வசதி கிடையாது. கண்புரை அறுவையை ஆறு மாதம் கழித்துச் செய்துகொள்ளலாம். பனிக்குடம் உடைந்த பிறகு ஆறு மணி நேரம்கூடப் பெரிய கணக்குதான்.

எபோலாவுக்கும் பிரசவத்துக்கும் இடையே நடந்த மோதலைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பின்னால் கொரோனாவில் நடந்ததற்கெல்லாம் ஒரு முன்னோட்டம் அதில் இருக்கிறது. காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி, காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவை எபோலாவின் அறிகுறிகள். கருச்சிதைவோ நஞ்சுக்கொடிக் கோளாறோ உள்ள பெண்ணுக்கும் இதே அறிகுறிகள்தான் இருக்கும். ஆக, உடனடி உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் அதிகச் சந்தேகத்துக்கு உள்ளாகிறார். ரத்தமும் பனிக்குட நீரும் தெறிக்கும் வேலை பிரசவம் பார்ப்பது. தாயின் ரத்தத்திலிருந்து வைரஸ் நீங்கிய பிறகும் கருவிலும் பனிக்குட நீரிலும் தங்கியிருக்கக்கூடும் என்பதும் அந்தக் காலத்தில் தெரியவந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கலாம் என்றால், உதிரப்போக்கு காத்திருக்காது.

சியரா லியோன் ஏற்கெனவே பேறுகாலச் சாவுகளில் உலகின் முன்வரிசையில் இருந்த நாடு. 2013இல் எடுத்த கணக்கெடுப்பின்படி லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 1,165 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில்தான் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இலவச மருத்துவம் அறிவித்து, ஆஸ்பத்திரிக்கு வரும்படி மக்களைப் பழக்கத் தொடங்கியிருந்தார்கள். நாலு வருடம் சேர்த்த அந்த நம்பிக்கை சில மாதங்களில் ஆட்டங்கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எபோலா ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் மக்களுக்கு. வருகிறவளுக்கு எபோலா இருந்தால் தன் கதி என்ன என்ற பயம் ஊழியர்களுக்கு. இரண்டுமே நியாயமான பயம்தான்; அந்நாட்டு மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவச்சிகளில் சுமார் 7% பேரை எபோலா கொண்டுபோனதாக உலக வங்கி ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

2017இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்புக்கும் வருகிறவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். மருத்துவமனைப் பிரசவங்களும் குறைந்தன. இதனால் 2014–15இல் கூடுதலாக நேர்ந்த தாய் மரணங்கள், பச்சிளங்குழந்தை மரணங்கள், இறந்து பிறந்தவை எல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சம் 3,600. அந்நாட்டில் எபோலாவால் இறந்ததாகப் பதிவானவர்கள் 3,956 பேர். கிட்டத்தட்ட இன்னொரு எபோலா சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது. அதற்குத் தினசரி அறிக்கை வெளியாகவில்லை, கேமராக்கள் போகவில்லை.

இதில் தனியாக எந்த அமைப்பையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. எபோலாவை ஒடுக்க 2014 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் ஒரு தேசிய மையம் அமைந்தது. அதன் வேலை எபோலா. சிகிச்சை மையங்கள் நடத்தியவர்களின் வேலையும் எபோலா. வழக்கமான பிரசவமோ சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. அமைச்சகத்தின் ஆட்களில் பலர் எபோலா வேலையில். அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். எபோலா இருக்குமோ என்று சந்தேகப்படும்படி வலியோடு வந்த பெண் இந்த இரண்டு பொறுப்புகளுக்கும் நடுவில் விழுந்தாள்.

அந்த இடைவெளியை அடைக்கச் சில முயற்சிகளும் நடந்தன. 2015 ஜனவரியில் ஃப்ரீடவுனின் கிஸ்ஸி பகுதியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் ஓர் எபோலா மையத்தைத் திறந்து, அதில் கர்ப்பிணிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் சியரா லியோனில் தொடர்பறியும் பணியை, அதாவது நோயாளியோடு பழகியவர்களைத் தேடிக் கண்காணிக்கும் வேலையை, தாங்கிப் பிடித்தது. குடும்பநலம் பேசும் அமைப்புக்கு நோய்த்தடுப்பில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஊர்களுக்குள் போய்வரும் பழக்கம் அவர்களிடம்தான் இருந்தது. ஒரு துணுக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2015 அக்டோபர் கடைசியில் கினியின் தலைநகர் கோனாக்ரியில் எபோலா பாதித்த தாய்க்குப் பிறந்த பெண்குழந்தை ஒன்று பிழைத்துக்கொண்டது. கருவிலேயே எபோலா தொற்றிப் பிழைத்ததாக அறியப்பட்ட முதல் குழந்தை அது. தாய் பிழைக்கவில்லை. அந்தக் குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை மருந்துகளில் ஒன்றைத்தான் ஐந்து வருடம் கழித்து, கொரோனா சமயத்தில், நம் ஊரில் கள்ளச்சந்தையில் தேடி அலைந்தோம்: ரெம்டெசிவிர்.

பேறுகால மரணங்களைப் படிப்பவர்கள் ‘மூன்று தாமதங்கள்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 1994இல் தடேயஸ், மெய்ன் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் முதல் தாமதம், போய்ச் சேருவதில் இரண்டாவது, போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் மூன்றாவது. சாதாரண நாட்களில் ஏதாவது ஒன்று நீண்டால் ஆபத்து. பெருந்தொற்று மூன்றையும் ஒரே சமயத்தில் நீட்டிவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் தாமதம் நம்பிக்கை சம்பந்தப்பட்டது. இரண்டாவது போலீசும் போக்குவரத்தும் உள்ளாட்சியும் சம்பந்தப்பட்டது. மூன்றாவதுதான் மருத்துவத் துறையின் கைக்குள் இருக்கிறது. மருத்துவத் துறை மட்டும் எவ்வளவு ஓடினாலும் மூன்றில் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும்.

2020 மார்ச் கடைசியில் இதே நிலைமை தெற்காசியாவுக்கு வந்தது. நேபாளத்தில் 24ஆம் தேதி, இந்தியாவில் 25ஆம் தேதி ஊரடங்கு. நேபாளத்தில் ஒன்பது மருத்துவமனைகளில் பிரசவங்களை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வுக் குழு இருந்தது. அதனால் முன்பு, பின்பு என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தெளிவான கணக்கு கிடைத்தது. ஊரடங்குக்கு முன் வாரத்துக்கு 1,261 பிரசவங்கள் நடந்த அந்த மருத்துவமனைகளில், ஊரடங்கின்போது வாரத்துக்கு 651. இறந்து பிறப்பது ஆயிரத்துக்கு 14 என்பதிலிருந்து 21 ஆனது. பிறந்த குழந்தைகளின் மரணம் ஆயிரத்துக்கு 13இலிருந்து 40 ஆனது. மும்மடங்கு. பாதிப்பு அதிகம் யாருக்கு என்று பார்த்தால், சமூகத்தில் ஏற்கெனவே பின்தங்கியிருந்த இனத்தவருக்கு. ஊழியர்கள் கைகழுவுவது அந்த மாதங்களில் கூடியிருக்கிறது. பிரசவத்தின்போது குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிப்பது குறைந்திருக்கிறது. வைரஸுக்கு எதிரான ஒழுங்கு கூடியபோதே பிரசவத்துக்கான ஒழுங்கு தளர்ந்திருக்கிறது. ஒரே ஆட்கள்தானே, ஒரே இரண்டு கைகள்தானே.

இந்தியாவில் நிலைமை எப்படி என்பதற்கு 2020 ஜூன் தொடக்கத்தில் நொய்டாவில் நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். எட்டு மாதக் கர்ப்பிணி, மூச்சுத்திணறல். குடும்பத்தார் 13 மணி நேரத்தில் எட்டு மருத்துவமனைகளின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். எங்கும் அனுமதி கிடைக்காமல் ஆம்புலன்ஸிலேயே இறந்துபோனார். அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, ஏப்ரல் 14 அன்று, அத்தியாவசிய மருத்துவச் சேவைகளைத் தொடர்வது எப்படி என்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. தொற்று அதிகமுள்ள பகுதிகளில் பிரசவ நாள் நெருங்கியவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஏப்ரல் 20 அன்று சொல்லியிருந்தது. பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதும் எழுத்தில் இருந்தது. காகிதத்தில் குறையில்லை. ஒரு மருத்துவமனை முடியாது என்று சொல்லும்போது அடுத்த மருத்துவமனைக்குப் போன் போட்டு, படுக்கை இருக்கிறதா என்று உறுதிசெய்து, அதன் பிறகு அனுப்பும் பொறுப்பு யாருடையது என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றது. ‘ரெஃபர்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதிக் கையில் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் கொரோனாவுக்கு முன்பே இருந்ததுதான். கொரோனா அதை அம்பலப்படுத்தியது.

தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அதாவது கர்ப்பம் பதிவானது ஒரு மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிரசவம் இன்னொரு மாவட்டத்தில். ஊரடங்கில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் இவைதான் ஆரம்பத்தில் ஏற்கப்பட்ட காரணங்கள். ஏழாம் மாதத்தில் அம்மா வீட்டுக்குப் போவது மருத்துவ அவசரமா? பாஸ் கொடுக்கிற அதிகாரியின் பார்வையில் இல்லை. அந்தப் பெண்ணின் பார்வையில், யார் பார்த்துக்கொள்வார்கள், ராத்திரி வலி வந்தால் யார் கூட வருவார்கள் என்ற கேள்வி அது. இரண்டாம் தாமதத்தை வருவாய்த் துறை கையில் வைத்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். 2020இல் நிலைமை அதுதான்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய முதலீடு கைகொடுத்தது என்று நினைக்கிறேன். கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் பதிவெண் தரும் பிக்மி முறை இங்கே முன்பே இருந்தது. அந்த எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்று 2017இல் விதி வந்தபோது, இது என்ன புதுத் தொல்லை என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். ஆனால் எந்த ஊரில் யாருக்கு எந்த வாரம் நாள் குறித்திருக்கிறது என்ற பட்டியல் கையில் இருப்பது, வைரஸ் வந்த பிறகு உருவாக்கிக்கொள்ளக்கூடிய பொருள் கிடையாது. வீட்டு வாசலுக்கு வரும் நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், தாய்மாரின் பேரும் வீடும் தெரிந்தவர். பிரசவச் சிக்கல்களுக்கு இரவும் பகலும் அறுவை செய்யக்கூடிய சீமாங்க் மையங்கள் 2004 வாக்கிலிருந்தே வளர்ந்தவை. 2018–20 கணக்கில் தமிழ்நாட்டின் பேறுகால மரண விகிதம் லட்சத்துக்கு 54, இந்தியாவுக்கு 97. இதெல்லாம் பெருந்தொற்றுக்காகக் கட்டியவை இல்லை. இலங்கையிலும் அப்படித்தான். அங்கே ஊருக்கு ஊர் இருக்கும் மருத்துவமாதுகளின், அதாவது மருத்துவச்சிகளின், வலையமைப்பு பல தலைமுறைப் பழமை உள்ளது.

அடுத்து, பிறந்த குழந்தை. அமைப்புகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் இல்லை. தாய்க்குக் கொரோனா என்றால் குழந்தையைப் பிரிக்க வேண்டுமா? சீன நிபுணர்கள் ஆரம்பத்தில் 14 நாள் பிரிக்கச் சொன்னார்கள், தாய்ப்பாலும் வேண்டாம் என்றார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2020 ஏப்ரலில் தற்காலிகமாகப் பிரிக்கச் சொல்லி, ஜூலையில் மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே, முகக்கவசம் போட்டு, கைகழுவி, சேர்ந்தே இருக்கலாம், பால் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தது. இந்தியாவில் மகப்பேறு மருத்துவர்கள், பச்சிளங்குழந்தை மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள் ஆகிய மூன்று தரப்பின் சங்கங்களும் சேர்ந்து ஒரே வழிகாட்டுதலை வெளியிட்டன. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கும் செவிலியருக்கு, மகப்பேறு மருத்துவர் ஒன்றும் குழந்தை மருத்துவர் இன்னொன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அவரைக் கேட்டால் தெரியும்.

உலக அளவில் அந்தத் தெளிவு வரவில்லை. 62 நாடுகளில் குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் ஊழியர்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் தொற்றுள்ள அல்லது தொற்று இருக்குமோ என்று சந்தேகிக்கப்படும் தாய் குழந்தையைத் தோலோடு தோல் சேர்த்து அணைக்க வழக்கமாக அனுமதிப்பதில்லை என்றார்கள். குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு கட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பு 1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஏழைகளின் மாற்று வைத்தியமாகத் தொடங்கி, உலகமே ஏற்றுக்கொண்ட சிகிச்சையானது. 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு, 127 ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் இம்முறையை எல்லாருக்கும் கொடுத்தால் 1,25,000க்கு மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்றது. அணைப்பினால் கொரோனா தொற்றி இறக்கக்கூடியவை 2,000க்கும் கீழே. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வார்டில் முடிவெடுப்பவரின் கண்ணுக்குத் தெரிவது அந்த 2,000தான். கொரோனாவில் இறந்த குழந்தைக்குக் கேள்வி வரும். அணைப்பு கிடைக்காமல் இறந்த குழந்தை, குறைமாதத்தில் பிறந்ததால் இறந்தது என்று கோப்பில் போய்விடும்.

தடுப்பூசி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 2018இல் காங்கோவில் மீண்டும் எபோலா வந்தபோது புதிய தடுப்பூசி கைவசம் இருந்தும், கர்ப்பிணிகளுக்கு முதலில் தரவில்லை. போதிய தரவு இல்லை என்றார்கள். விவாதம் நடந்து, 2019இல்தான் அவர்களையும் சேர்த்தார்கள். சரி, பாடம் படித்துவிட்டார்கள் என்று பார்த்தால், 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது மறுபடியும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வெளியே நின்றார்கள். காரணம் அதேதான், தரவு இல்லை. சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காமல் விட்டுவிட்டு அப்புறம் தரவு எங்கிருந்து வரும்?

தரவு கடைசியில் வந்தது மும்பையிலிருந்து. மாநகராட்சியின் நாயர் மருத்துவமனையை 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கென்றே ஒதுக்கினார்கள். பிரசவ வார்டும் தொடர்ந்து இயங்கியது. மும்பையிலேயே இருந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்களும், மாநில மருத்துவக் கல்வித் துறையும், மகாராஷ்டிரத்தின் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து ‘பிரெக்கோவிட்’ என்ற பதிவேட்டைத் தொடங்கின. மாநகராட்சி ஆஸ்பத்திரி, மத்திய ஆய்வு நிறுவனம், மாநிலத் துறை என்று மூன்று வெவ்வேறு முதலாளிகள். ஒரே படிவத்தில் எழுதச் சம்மதித்ததே பெரிய காரியம். முதல் அலையிலும் இரண்டாம் அலையிலும் சேர்த்து 1,530 பெண்களை ஒப்பிட்டபோது, அறிகுறியுள்ளோர் 14.2% என்பதிலிருந்து 28.7% ஆகியிருந்தது. இறப்பு 0.7% என்பதிலிருந்து 5.7% ஆகியிருந்தது. இது 2021 ஜூனில் வெளியானது. பாலூட்டும் தாய்மாருக்கு மே மாதம் அனுமதி கிடைத்திருந்தது. இலங்கை ஜூனிலேயே கர்ப்பிணிகளுக்குப் போடத் தொடங்கியது. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்தது ஜூலை 2. இரண்டாம் அலையின் சுடுகாட்டுப் புகை அடங்கிய பிறகு.

உலகக் கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பேறுகாலத்தில் இறந்த பெண்கள் 2020இல் 2,82,000 பேர், 2021இல் 3,22,000 பேர் என்று ஐ.நா. அமைப்புகள் 2025இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஒரே வருடத்தில் 40,000 கூடுதல். தொற்றே நேரடியாகக் கொன்றவர்களும் இதில் உண்டு, கதவு திறக்காததால் இறந்தவர்களும் உண்டு. ஐ.நா.வின் அமைப்புகள் ஆறு, ஹெச்6 என்ற பெயரில் தாய்சேய் நலத்துக்காகக் கூட்டாக இயங்குகின்றன. யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், மக்கள்தொகை நிதியம், உலக வங்கி எல்லாம் அதில் சேர்த்தி. அந்த மட்டத்தில் ஒற்றுமைக்குக் குறைவில்லை. கூட்டறிக்கைகள் நேரத்துக்கு வந்தன. ஒற்றுமை அறுந்துபோவது எப்போதும் கீழேதான், ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் ஆஸ்பத்திரி வாசல் காவலாளிக்கும் இடையில்.

அது எங்கே அறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது, அதுவும் பழையது. பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்கும் முறையைத் தமிழ்நாடு 1990களின் நடுவிலிருந்தே செய்துவருகிறது. 2010இல் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல் வந்தது. யாரையும் தண்டிக்க இல்லை, எங்கே தவறியது என்று பார்க்க. வீட்டாரையும் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, வண்டி எப்போது வந்தது, முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம், அங்கிருந்து எங்கே அனுப்பினார்கள், அனுப்புமுன் பேசினார்களா என்று மணிக்கணக்காக எழுதிக்கொண்டு வருவார்கள். நொய்டாவின் அந்த 13 மணி நேரத்தை இப்படி எழுதினால் எட்டு வரி வரும். ‘அனுப்புமுன் யாரிடம் பேசினீர்கள்’ என்ற கட்டம் எட்டிலும் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.